தவிட்டோடு அம்மன் தந்த குரல்

என் பிள்ளை அழுவான், சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சிவக்கும், கண்ணீர் வழியும். ஒரு சிணுங்கல்கூடக் காதில் விழாது. பக்தர்களே, அதைக் கண்ணால் பார்த்த தாய் நான்.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், தீபாவளி கழிந்த சமயம். மலாயாவில், மலாக்கா ஊரின் காஜா பெராங்கில் எங்கள் வீடு. மகன் செல்வத்துக்கு மூன்று வயது. அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் தெருவையே கலக்கும். இவனுக்குக் கழுத்து நிற்காது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவான். பேச்சு கிடையாது. அடிக்கடி வலிப்பு வரும். எதையும் மென்று தின்னத் தெரியாது. மடியில் சாய்த்துப் பிடித்து, குழைந்த சோற்றுக் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் விழுங்குவான். அந்தக் கஞ்சிதான் அவன் உயிர்.

ஜப்பான்காரன் வந்ததும் அரிசி கிடைக்காமல் போயிற்று. ஊரெல்லாம் மரவள்ளிக் கிழங்கு. மசித்துக் கொடுத்தேன், தொண்டையில் அடைத்துக் கண் செருகிவிட்டது. முதுகில் தட்டி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றினேன், நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கால் வீங்கியது. கடைசியில் குரலும் போனது.

குரல் போனால் என்ன என்று நினைக்காதீர்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு அழுகைதான் பேச்சு. பசி, வலி எல்லாம் அதில்தான் எனக்குத் தெரியும். அதுவும் இல்லையென்றால் நான் என்ன செய்வேன்?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நம்மவர், நல்ல மனுஷன். "மருந்து ஒண்ணுமே இல்லம்மா. நல்ல சாப்பாடா பாத்துக் குடுங்க" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. நல்ல சாப்பாட்டுக்கு நான் எங்கே போவேன்?

அன்று வெள்ளிக்கிழமை. நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையைச் சந்நிதியில் கிடத்தினேன். நான் அடக்கமாக வேண்டுகிறவள் இல்லை, சண்டை போடுகிறவள். "இவன் நடக்கணும்னு கேட்டேனா? பேசணும்னு கேட்டேனா? தொண்டையில எறங்குற மாதிரி ஒரு வாய் சாப்பாடு கேக்குறேன். அதுக்குமா ஒனக்கு மனசு வரல?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! கத்தி ஓய்ந்ததும், "ஆத்தா, நீயே கதி" என்று விழுந்தேன்.

எழுந்து வரும்போது வாசலில் பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா நின்றிருந்தார். மலாக்கா செட்டிகளும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான், பேசுவது மட்டும் மலாய். அவரைப் பார்த்ததும் நம் வழக்கம் ஒன்று மனதில் தட்டியது. நோஞ்சான் பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுப்பார்களே, அதுதான். இன்னொருத்தி மடியில் பிள்ளையைப் போட்டு, தவிடு வாங்கிக்கொள்ள வேண்டும். தவிட்டுக்குப் போன பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்பார்கள். அதன் பிறகு பெற்றவள், பிறத்தியார் பிள்ளையை வளர்ப்பதுபோல அவனை வளர்க்க வேண்டும்.

பாதி மலாயும் பாதிச் சைகையுமாக அக்காவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. செல்வத்தை மடியில் வாங்கி நெற்றியில் முத்தமிட்டார். "ஜாங்ஙான் தாக்குட்" என்றார், பயப்படாதே என்று. அரிசியை ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போனபின் மில்லில் மிஞ்சியதை வாத்துக்காக வாங்கி வைத்திருந்தார்; அந்தப் புதுத் தவிட்டை வீட்டிலிருந்து ஒரு முறம் நிறைய அள்ளிக் கொடுத்தார்.

அந்தத் தவிட்டை மாட்டுக்குப் போடுவதுதான் முறை. என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி ஓட்டியவர், மாடுகளை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். முறத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து சலித்து, அடுப்பில் கொதிக்க வைத்தேன்.

"மாடு திங்கிறதையா புள்ளைக்கு ஊத்தப் போற? பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று பாய்ந்தார் அவர்.

"கோயில் வாசல்ல கேட்டு வாங்குனதுங்க. எனக்கு இது பிரசாதம். வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, அதையே ஊத்துறேன்."

அவர் உள்ளே போய் வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வந்தார். வடிகட்டினோம். அவர் தலையைத் தாங்கிப் பிடிக்க, நான் ஊற்றினேன். இறங்கியது. புரையேறவில்லை. இன்னும் கேட்பதுபோல வாயைத் திறந்தான்!

தினமும் ஊற்றினோம். தீர்ந்தால் அக்கா கொடுப்பார். கால் வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு நாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ சத்தம். பூனை என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. ஐயோ, என் பிள்ளை! ஈரக் கையோடு ஓடினேன். செல்வம் ஊரைக் கூட்டி அழுகிறான். பசிக்கு அழுகிற பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டிரெஸ்ஸரிடம் போய்ச் சொன்னேன். "தவிட்டுல சத்து இருக்கும்மா. அது ஒடம்புல கொறஞ்சாதான் கால் வீங்கும், தொண்டை கட்டும்" என்றார். இருக்கட்டும். மாடில்லாத வீட்டுக்குத் தவிட்டை அனுப்பி வைத்தது யார்?

உள்ளதைச் சொல்கிறேன். அவன் நடக்கவில்லை, பேசவில்லை. வலிப்பும் முழுதாக நிற்கவில்லை. ஜப்பான்காரன் போய் அரிசி வந்துவிட்டது, இன்னும் மடியில் சாய்த்துத்தான் ஊட்டுகிறேன். மாறியது நான்தான். என்ன பாவம் செய்தேனோ என்று புலம்புவதை விட்டேன். அவன் அம்மன் பிள்ளை. அவனை வளர்க்கும் வேலையை என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தூக்கிக்கொண்டு அவளிடம் வாருங்கள். அழத் தோன்றினால் அழுங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை பூசை நடக்கும்போது செல்வம் வீறிட்டுக் கத்தினான். "கொஞ்சம் வெளிய கொண்டு போங்கம்மா" என்றார் பூசாரி.

"மாட்டேன் சாமி" என்றேன். "அவ குடுத்த சத்தம். அவளே கேக்கட்டும்."