இடது கையில் தலைகீழாக

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வழக்கம்போல ஏகாம்பரத்தோடு நடை. திரும்பி வந்து குளியல், இட்லி, பேப்பர். அந்த வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி. அதன்பின் மேஜைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று சிறிய கேமராக்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய கேமரா விற்கும் பாய் நம்பிக் கொடுத்தனுப்பியவை. "எல்லாத்தையும் கைல புடிச்சிப் பாருங்க சார். கைக்குப் புடிச்சா காசு, இல்லன்னா வாபஸ்" என்று சொல்லியிருந்தார்.

கேமரா எனக்கல்ல, ஏகாம்பரத்துக்கு. பட்டு நெய்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என் நண்பன். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிறான். தினமும் காலையில் நான் போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிவருவேன். வேட்டி கட்டுவது, சோறு பிசைவது எல்லாம் அவன் மனைவி மல்லிகா. சென்ற வாரம் நடையின்போது நின்றுவிட்டான்.

"எவனையும் கூப்பிடாம ஒரே ஒரு வேலையாவது நானே செய்யணும்பா."

"இன்னா வேலை?"

"போட்டோ எடுக்கறது."

செல்போன் அவனுக்கு ஒத்துவரவில்லை. "சோப்பு மாதிரி வழுக்குது. எங்க தொட்டாலும் அதுவா எதுனா பண்ணிக்கினு கெடக்குது" என்றான். அழுத்தினால் அழுந்துகிற பொத்தான் வேண்டும் அவனுக்கு.

ஆகவே சோதனை. என் வலது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

முதல் கேமரா பளபளவென்று மெல்லியது, சிகரெட் பெட்டி போல. பிடிக்க மேடு பள்ளம் எதுவுமில்லை. அதை முடுக்கும் பொத்தான் உடம்போடு உடம்பாகப் பதிந்திருக்கிறது. நகம் வளர்த்தவர்களுக்கு மட்டும். இரண்டாவதில் ரப்பர் பிடி உண்டு, ஆனால் வலது பக்கம். படம் எடுக்கும் பொத்தானும் வலது பக்கம். இடது கையால் எட்டிப் பிடித்தால் விரல் லென்ஸை மூடுகிறது. மூன்றாவது தடிமன். பென்சில் பேட்டரி போடுகிற இடம் புடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கைக்கு வாகான கனம். ஆனால் இதுவும் வலது கைக்காரர்களுக்கே செய்தது. உலகத்தில் இடது கை என்று ஒன்று இருப்பதே இந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாதோ என்று அலுத்துக்கொண்டேன்.

மூன்றாவதன் ரெக்ஸின் உறையைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் வியர்வை, மூடியே கிடந்த அலமாரி. அதை முகர்ந்ததும் எனக்கு வந்தது பட்டிழைக்குப் பூசுகிற கஞ்சியின் வாசனை. எதற்கும் எதற்கும் முடிச்சு பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஏகாம்பரமும் சேர்ந்து ஒரு பிலிம் கேமரா வாங்கினோம். சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னது. மஞ்சள் நீர், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஞாயிறுகளில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். எடுப்பவன் அவன். என் கையில் எடுத்தால் தலை இருக்காது, அல்லது தலை மட்டும் இருக்கும். பார்க்கிற ஓட்டை ஒரு இடத்திலும் லென்ஸ் இன்னொரு இடத்திலும் இருப்பதைக் கணக்குப் பார்த்துக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு மட்டும் வரவேயில்லை.

அந்தக் கேமராவில் ஜூம் கிடையாது. குடும்பம் முழுசும் விழவேண்டுமென்றால் கால்தான் பின்னால் போகவேண்டும். எங்கள் தெருக்களில் பின்னால் போவது அத்தனை சுலபமல்ல. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள்: சேலைக்கு நீளவாக்கில் ஓடப்போகிற அத்தனை பட்டிழைகளும், கஞ்சி பூசி, வெயிலில் மின்னிக்கொண்டு. அதைத் தாண்டக்கூடாது, சுற்றித்தான் போகவேண்டும். நாய்க்குக்கூடத் தெரியும். ஏகாம்பரம் பாவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்படியும் ஒரு காதுகுத்தில், கண்ணை ஓட்டையில் வைத்தபடி பின்னால் போய்ப் போய், பக்கத்து வீட்டுப் பாவின்மேல் உட்கார்ந்தேவிட்டான்.

"கண்ண எங்கடா வச்சிக்கினு நடக்கற?" என்று கத்தினார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

"பொட்டிக்குள்ள மாமா" என்றான் எழுந்திருக்காமலே. எழுந்தால் இன்னும் நாலு இழை போகுமென்று அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு அறுந்த இழைகளை முடிபோட்டுக் கொடுத்துவிட்டு வரச் சாயங்காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அவன் படம் எடுக்கும்போது பின்னால் நின்று சட்டையைப் பிடித்துக்கொள்வேன். "வா, வா, இன்னும் ஒரு அடி, படி இருக்குது, நில்லு." அவன் திரும்பிப் பார்த்ததேயில்லை. முதுகு லேசாக என் கையில் சாயும். அந்தக் கனம் இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது.

சாயங்காலம் தடிமனான மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், காலையில் மூன்றையும் சோதித்த கதையைச் சொன்னேன். மல்லிகா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வந்து, கேமராவின் வாரை அவன் இடது மணிக்கட்டில் மாட்டினாள். வார் கோக்கும் வளையம் கேமராவின் வலது ஓரத்தில் இருப்பதால் அது பக்கவாட்டில் தொங்கியது. அவன் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினான். கேமரா மேலே வந்தது. கை அதை வாங்கிக்கொண்டது. தறியில் வலது கை வீசும் நாடாவை, அந்த நூல் சுற்றிய கட்டையை, இடது கை இப்படித்தான் வாங்கும். ஆனால் கேமரா தலைகீழாக இருந்தது.

"டேய், கவுத்துப் புடிச்சிருக்க" என்றேன்.

"இரு." அவன் கட்டைவிரல் அடியில் எதையோ தடவியது. "பட்டன் இங்க வந்துட்டுதுபா."

குனிந்து பார்த்தேன். புடைப்பு இப்போது இடது பக்கம். நாலு விரலும் அதை வளைத்துப் பிடித்திருந்தன, கட்டைவிரல் கீழிருந்து பொத்தானைத் தாங்கியது. லென்ஸும் திரையும் சேர்ந்தே கவிழ்ந்திருந்ததால் மல்லிகா நேராகத்தான் தெரிந்தாள். ஓரத்திலிருந்த எழுத்துகள் மட்டும் தலைகீழ். 'டிக்' என்றது.

"நைட்டியோட இருக்கறவள எதுக்கு எடுக்கற?" என்றாள் மல்லிகா.

"காலைலேர்ந்து மூணு பொட்டிய நிமித்தி வச்சே பாத்துக்கினு இருந்தியா?" என்று என்னைக் கேட்டான் ஏகாம்பரம். "நல்லா பாத்த போ." பேச்சு கொஞ்சம் குழறினாலும் கிண்டல் குழறவில்லை.

வாசலும் விழுகிற மாதிரி இன்னொன்று எடுக்க எழுந்தான். ஒரு அடி பின்னால் வைத்தான். என் கை தானாக அவன் சட்டைக்குப் போயிற்று.

"விடுப்பா. செவுத்துல சாஞ்சிக்கறேன்."

விட்டேன். சாய்ந்துகொண்டான். எடுத்தான். திரையை என்னிடம் காட்டாமல் தானே நெடுநேரம் பார்த்தான்.

"நாளைக்குக் காலைல நீ வரவேணாம். நானே மெதுவா முனை வரைக்கும் போயி நாலு போட்டோ எடுத்துக்கினு வரேன்."

"தனியாவா?" என்று மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாமென்றால் அவளும் வேண்டாமென்பாள். அவனும் என்னைப் பார்த்தான்.

"போவட்டும் மல்லிகா" என்றேன். "செவுத்து ஓரமாவே போவட்டும்."

திரும்பும்போது அந்தத் தெருவைக் கொஞ்சம் நின்று பார்த்தேன். இருபக்கமும் வண்டிகள். பிலிம் கழுவக் கொடுத்துவிட்டு நாங்கள் டீ குடித்தபடி காத்திருந்த கலர் லேப் இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. ஒரு படத்துக்காக மூச்சைப் பிடித்து நிற்கிற குடும்பங்கள் இல்லை. எல்லார் கையிலும் ஒரு கேமரா. போகட்டும், அவையெல்லாம் போகவேண்டியவை. என் சொல்லை மட்டும் நம்பி, பார்க்காமலே பின்னால் அடி வைக்கும் ஒருவன் இருந்தான். அது போனதுதான் எனக்குக் கணக்கில் வரவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் பழக்கத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டேன். அவன் வரவேண்டாமென்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்க் காபிக்குப் பால் வைத்தேன்.