ஜப்பான் கசெட்டில் மிஞ்சிய இடம்

மலையகத்தில் பசறைக்கும் பதுளைக்கும் ஆள் ஏற்றி ஓடிய அந்த வெள்ளை வேன் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. துறைமுகத்திலிருந்து எடுத்து வந்தபோது அதன் டேப்புக்குள் ஒரு கசெட் மாட்டியபடியே இருந்ததாம். டிரைவர் அதைக் கழற்றி ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். அவருடைய சினிமாப் பாட்டுக் கசெட் ஒருநாள் சிக்கி நாடா அறுந்த பிறகு, வேறு வழியில்லாமல் ஜப்பான் கசெட்டைப் போட்டார். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

நான் அப்போது பதுளை பஜாரில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். ஆட்கள் வந்து வேண்டிய பாட்டுகளைச் சொல்வார்கள், வெறும் கசெட்டில் பதிந்து கொடுப்போம். கேட்டதெல்லாம் பதிந்த பிறகும் நாடாவின் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதை வெறுமையாக விடுவது எங்கள் கடையில் வழக்கமில்லை. பதிகிறவன் தன் விருப்பத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்ப வேண்டும். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என்னிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அந்த மிச்ச இடத்தில் மட்டும் என் இஷ்டம்தான். "கடைசிப் பாட்ட யாரு போட்டது? நல்லாயிருக்கே" என்று திரும்பி வந்து கேட்டவர்கள் உண்டு. அதைக் கேட்கத்தான் நான் காலையில் எழுந்து வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் மாமா மகள் மட்டும் இன்ன பாட்டு வேண்டும் என்று சொல்லவே மாட்டாள். அவளுக்கு முழுக் கசெட்டும் நான் தேர்ந்தெடுத்ததுதான். வரும் தையில் எங்களுக்குக் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். பதுளையில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை. ஊரில் கலவரம் நடந்த பிறகு மாமா அவளை பஸ்ஸில் தனியாக விடுவதில்லை. தெரிந்தவர் என்று அந்த வேனில், அதுவும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏற்றி அனுப்புவார். அந்த சீட் எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது.

ஒருநாள் நான் கொடுத்த கசெட்டைக் கடை மேசையில் திருப்பி வைத்தாள்.

"இது வேணாம் மச்சான். கேட்டா தூக்கம் வருது. வேன்ல ஒண்ணு போடுறாங்க, ஜப்பான் பாட்டு. அப்பிடி இருந்தா குடுங்க."

"ஜப்பான் பாஷை ஒனக்குத் தெரியுமாக்கும்?"

"ஒங்களுக்கு ஹிந்தி தெரியுமா? போன மாசம் பாதிக் கசெட்டு ஹிந்தியாதான இருந்திச்சு."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கசெட்டைத் திருப்பித் தந்தவள் நாளைக்கு எதையெல்லாம் திருப்பித் தருவாளோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் நானும் அதே வேனில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். கிட்டார் மரம் அறுக்கிற மாதிரி வந்தது. டிரம்ஸ் அதை முந்திக்கொண்டு ஓடியது. அதற்கு மேல் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். ஒரு பாட்டு என்னவென்று புரிவதற்குள் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு கிழவி கேட்டாள்: "ஏப்பா டிரைவரு, யாரப் போட்டு இந்த அடி அடிக்கிறாங்க? வெலக்கிவிட ஆளில்லையா?"

"அவுங்க ஊர்ல சந்தோஷம் வந்தா அப்பிடித்தான் ஆத்தா."

முன் சீட்டில் அவள் குலுங்கிச் சிரித்தாள். ஒவ்வொரு கத்தலும் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குச் சரியாகச் சாப்பாட்டுப் பெட்டியில் விரலால் தட்டினாள். நான் கொடுத்த எந்தப் பாட்டுக்கும் அந்த விரல் அசைந்து நான் பார்த்ததில்லை.

பிறகு அது தொற்றிக்கொண்டது. கடைக்கு வந்த பையன்கள், "அந்த வேன் பாட்டு இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வார்த்தை புரியாமல், ஒரு பாட்டைத் தேடாமல், வேனோடு வந்த கசெட்டைப் போட்டதற்கு அந்த டிரைவருக்கு இவ்வளவு பெயரா?

கடைசியில் டிரைவரே கடைக்கு வந்தார். நாடா தேய்வதற்குள் ஜப்பான் கசெட்டை வெறும் கசெட்டில் பதிந்து ரெண்டு கொப்பி எடுத்துத் தரச் சொன்னார்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அந்தத் தங்கச்சி கேட்டிச்சு."

தங்கச்சி என்று அவர் சொன்னதையும் நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்கிறேனே என்று அதற்கும் கவலைப்பட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, மூஞ்சி மையத்து கெடக்கிற வீடு மாதிரி இரிக்கி? பாட்டுத்தானே, பதிஞ்சி குடு."

பகல் நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் கேட்டேன். கசெட்டில் ஒட்டியிருந்த தாளில் ஜப்பான் எழுத்துக்கு நடுவே பேனாவால் எழுதிய ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: பங்க். அந்த மாதிரிப் பாட்டுக்குப் பெயர் போலிருக்கிறது. அது ஒரே கூட்டம் பாடியதில்லை என்று குரல்களை வைத்துத் தெரிந்துகொண்டேன். சிரித்துக்கொண்டே கத்துகிறவர்கள் ஒரு கூட்டம். பெண்கள் மட்டும் பாடிய கூட்டம் ஒன்று, சண்டைக்கு வந்த அக்கா தங்கைகள் மாதிரி. மூன்றாவது கூட்டத்தில் பாடுகிறவனுக்குச் சுருதியே இல்லை, ஆனால் அவன் நிறுத்தினால் மனம் ஏங்கியது. முரட்டுப் பாட்டுகள் முன்னால் வந்தன. களைப்புத் தட்டுகிற இடத்தில் பெண்கள் வந்தார்கள். யாரோ ஒருவன், ஒரு பெண்ணுக்காகத்தான் இருக்கும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பதிந்திருக்கிறான். என் தொழிலை என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறான். டிரைவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் ஊர் பேர் தெரியாத அவன் மேல் திரும்பியது.

ஜப்பான் கசெட் ஓடுகிற நேரம் நம்முடையதைவிடக் குறைவு. கொப்பியில் நிறைய இடம் மிஞ்சியது. டிரைவருடையதில் ஏதோ இரண்டு சினிமாப் பாட்டைப் போட்டு மூடினேன். அவளுடையதில் என்ன போடுவது? எனக்கு உயிரான பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கத்தலுக்குப் பின்னால் எல்லாம் காய்ச்சல்காரன் முனகலாகக் கேட்டன. தூக்கம் வருது என்று அவள் சொன்னது பொய்யில்லை.

ஜப்பான் கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக ஒரு பாட்டு இருந்தது. தடித்த கம்பி கிட்டார் மட்டும் மெதுவாகத் தொடங்கும். ஒரு பையன் அழப்போகிறவன் மாதிரி முணுமுணுப்பான். வெகுநேரம் கழித்து மற்றவர்கள் ஒரேயடியாக வந்து விழுவார்கள். அதையே திரும்பத் திரும்பப் பதிந்து அவளுடைய மிச்ச இடம் முழுவதையும் நிரப்பினேன். பைத்தியக்காரன் என்று நினைப்பாளோ என்று கொடுத்த பிறகு பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து வந்தாள்.

"கடைசியில ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருதே, அது எங்க இருந்து எடுத்தீங்க?"

"அதே கசெட்டுதான். வேன்ல கேட்டிருப்பியே?"

"இல்லியே. அந்த எடம் வந்தா, வேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு டிரைவர் அண்ணன் கசெட்ட திருப்பிப் போட்டுருவாரு." மேசையில் கிடந்த ஒரு வெறும் கசெட்டைத் திருப்பிப் பார்த்தாள். "மத்ததெல்லாம் வேன்ல கேக்கத்தான் நல்லாயிருக்கு மச்சான். இது வீட்ல கேக்கணும்."

டிரைவர் தள்ளிவிட்ட பாட்டை அவளுக்குக் கேட்க வைத்தது நான்தான். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"இத பாடுறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"சும்மா கேட்டேன். பாவம் போல இருக்கு."

தையில் கல்யாணம் நடந்தது. டிரைவர் வந்து, குறையில்லாமல் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார். வீட்டில் அந்தப் பாட்டு வரும்போது அவள் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். நான் ஏதாவது பேச வாயெடுத்தால் கையைக் காட்டுவாள், இரு என்று. பொழுதெல்லாம் உழைக்கிறவன் பக்கத்தில் நிற்கிறேன், எவனோ ஒருவன் முணுமுணுப்புக்கு இந்த மரியாதை.

ஜப்பான் பங்க் பாட்டில் எதைக் கேட்கலாம் என்று கடையில் யாராவது கேட்டால், சிரித்துக்கொண்டே கத்துகிறவர்களைக் கேளுங்கள், அந்தப் பெண்களைக் கேளுங்கள், சுருதியில்லாதவனைக் கட்டாயம் கேளுங்கள் என்று சொல்லி, கடைக்கென்று எடுத்து வைத்த கொப்பியிலிருந்து பதிந்து கொடுத்தேன். முணுமுணுக்கிற அந்தப் பையனை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.