மடுவத்தில் ஏற்றிய ரெப்போ

இது கட்டிய கதை இல்லை. போன வாரம், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. கூட இருந்தவள் வினோதா. அவளிடம் கேட்டால் கதவைச் சாத்துவாள்.

நானும் அவளும் ஹட்டனில் கணினி டிப்ளோமா படிக்கிறோம். அக்கரப்பத்தனை பஸ் நேரங்களைக் காட்டும் ஓர் ஆப் எழுதினோம். அதன் ஒரே பிரதி என் பழைய லேப்டாப்பில் இருந்தது. அதன் டிஸ்க் சில நாட்களாக டிக்... டிக்... என்றது. அன்று மாலை ஐந்துக்குள் எல்லாவற்றையும் ஒரு கிட் ரெப்போவில் ஏற்ற வேண்டும். ரெப்போ என்பது இணையத்தில் உள்ள களஞ்சியம். யார், எப்போது, எதை எழுதினார் என்று பதிந்துவிடும். தவறினால் எங்களுக்கு ஒரு வருடம் போய்விடும்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் இல்லை. மேலே பழைய கொழுந்து மடுவத்தில் கிடைக்கும். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை அது. பல வருடங்களுக்கு முன் நடந்த ஒரு மண்சரிவுக்குப் பிறகு யாரும் அங்கே நிறுப்பதில்லை.

மாலை 4.12. மழை. வினோதா வாசலில் சிக்னலுக்காகப் போனை உயர்த்திப் பிடித்து நின்றாள். நான் நிறுவை மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். காலில் அட்டை. பிடுங்கினேன். வழுக்கியது.

“பிச்சு எறியாதடா. ரத்தத்தப் பாத்தாவது மிஸ் மார்க் போடுவாங்க.”

ரெப்போவை உருவாக்கினேன். முதல் பதிவைச் சேமிக்கும் முன் கிட் ஒன்று கேட்டது. நீ யார் என்று சொல்.

“என்னவாம்?”

“பேரு கேக்குது.”

வினோதா, கொழுந்தை நிறுத்துப் பெயர் எழுதும் கணக்கப்பிள்ளையின் குரலில் கத்தினாள். எங்கள் அம்மாக்கள் தினமும் கேட்கும் குரல்.

“அடுத்த ஆளு! பேரு?”

சிரித்தோம்.

எனக்குப் பின்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது. நனைந்த சாக்கு விழும் சத்தம்.

திரும்பினேன். ஒன்றுமில்லை. தராசு மட்டும் லேசாக ஆடியது.

பிறகு நாற்றம். அழுகிய கொழுந்து... செத்த எலி...

என் பெயரை அடித்தேன். விரல்கள் வழுக்கின. விசைகளுக்கு இடையிலிருந்து கறுத்த கூழ் கசிந்தது. அழுகிய இலை. அதில் ஒரு நீள முடி. விரலில் சுற்றிக்கொண்டது.

ஓடியிருப்பேன். டிக்... டிக்... டிஸ்க் நின்றால் எல்லாம் போச்சு.

கூழுக்குள் விரலை வைத்தே அடித்தேன்.

4.31. ஏறத் தொடங்கியது.

நாற்பது சதவீதம்.

காதருகே ஈர மூச்சு.

“மீனம்மா...”

எழுபது.

கழுத்தில் ஏதோ சொட்டியது.

நூறு.

ஓடினேன்.

வினோதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, என்னடா நாத்தம் இது?”

அன்றிரவே லேப்டாப் செத்தது. மறுநாள் காலை எங்கள் விரிவுரையாளர் யசோதினி மிஸ் ஃபோன் செய்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“கிஷாந்த், ரெப்போ வந்திருக்கு. ஆனா முதல் பதிவு மீனம்மா எண்ட பேரில கிடக்கு. ஆர் அவ?”

“தெரியாது மிஸ்.”

“உங்கட பேருக்கு மாத்துங்கோ. இல்லாட்டி மார்க் போடேலாது.”

ஹட்டனில் நண்பனின் லேப்டாப்பில் ரெப்போவை இறக்கினேன். மீனம்மாவை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். மறுபடி ஏற்றினேன். சிறிய வேலை.

மாலை வினோதாவின் அம்மா ராசம்மாவிடம் கேட்டேன். மீனம்மா யார்?

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மண்ணு சரிஞ்ச அன்னைக்கு அவதான் கடைசி. ஒரு சாக்க மடுவத்துல எறக்கிட்டு மத்தத எடுக்கத் திரும்பிப் போனா. ஆளு கெடைக்கவே இல்ல.”

“எறக்கின சாக்கு?”

“தராசுல நிறுத்தாங்க. கணக்கப்பிள்ளை பேரு கேட்டாரு. சொல்ல ஆளில்ல. கூடப் பறிச்ச ராக்காயிக்கு அன்னைக்குக் கொழுந்து கொறைவு. தன் பேருல போடச் சொல்லிட்டா.”

“அவங்க இப்ப எங்க?”

“மழை விடறதுக்குள்ள செத்துட்டா. வாந்தி, தம்பி. நிக்கவே இல்ல. நான்தான் ஏனம் ஏனமாப் புடிச்சு ஊத்துனேன்.”

“என்ன வாந்தி?”

“பச்சைப் பசேல்னு... வாயத் தொறந்தா கொழுந்து.”

தேத்தண்ணியை நீட்டினார். நான் வாங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலை விட்டு எடுத்தேன்.

இரண்டு இலை. ஒரு மொட்டு.