அவர் இல்லாமல் எழ வேண்டிய கம்ப்யூட்டர்

இரண்டே விரல்கள்தான் கீபோர்டைத் தட்டின. ஒரு வரி முடிந்ததும் உதட்டசைவில் அதைப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கும் அந்தக் கூடத்தில், கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். எக்ஸ்ரே பிலிம் கழுவ வந்தவர். பிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, "இதையும் கழுவிடுவீங்களா?" என்று யாரோ கேட்க, ரோஷத்தில் கையேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

மின்சாரம் போய் வந்தால், மூலையில் நிற்கும் பெரிய கம்ப்யூட்டரில் முதலில் நெட்வொர்க், அடுத்து டேட்டாபேஸ், கடைசியில் ரிப்போர்ட் புரோகிராம் என்று ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். வரிசை மாறினால் பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான். எட்டு வருடமாக அவர்தான் ஓடி வந்து கிளப்புகிறார்.

இப்போது மகளுக்குப் பிரசவம். தாயில்லாப் பெண். "அப்பா, நீங்க வந்தே ஆகணும்" என்றிருந்தாள். வியாழக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

"பெட்டி தானா எழுந்தா போங்க. இல்லன்னா இல்ல" என்றார் கூடத்தை நடத்தும் டாக்டரம்மா.

கம்ப்யூட்டர் எழும்போது ஒரு குறிப்பிட்ட ஃபோல்டருக்குள் பார்த்து, அங்கிருக்கும் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைப் பட்டியல்களை எண் வரிசையில் ஓட்டும். அவர் இருபது, நாற்பது, அறுபது என்று எண்ணிட்டு மூன்று எழுதினார். ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டிப் பார்த்தார். பத்து முறையும் ஓடின.

செவ்வாயன்று டாக்டரம்மா முன்னிலையில் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். நெட்வொர்க் வந்தது. டேட்டாபேஸ் வந்தது. ரிப்போர்ட் வரவில்லை. அவர் உட்கார்ந்து, தன் பாஸ்வேர்டைப் போட்டு, அதே ஸ்கிரிப்டை ஓட்டினார். உடனே வந்தது.

"மாமியார் பார்த்தாதான் வேலை செய்யிற மருமக மாதிரில்ல இருக்கு" என்றாள் பதிவு மேசைப் பெண்.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் திரைப் பக்கம் திரும்பினார். கம்ப்யூட்டர் எழும்போது தானாக எழுதிவைத்த குறிப்புகளை வரி வரியாகப் படித்தார். கடைசியில் ஒரு வரி: ரிப்போர்ட் என்று ஒரு புரோகிராமே இல்லை.

இருந்தது. அவரே தனி ஃபோல்டர் ஒன்றில் வைத்தது. அவர் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால், அங்கேயும் தேடு என்று அவருடைய அமைப்புகள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எழும் நேரத்தில் உள்ளே யாருமில்லை, சொல்வாருமில்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டே, தான் ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பத்து முறை சோதித்திருக்கிறார்.

ஸ்கிரிப்டில் அந்தப் புரோகிராமின் முழு முகவரியையும் எழுதினார். எழுதிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தார்.

"நான் வெளிய போறேன். நீ பொத்தான அமுக்கும்மா. வேற எதையும் தொடாதே" என்றார் பதிவு மேசைப் பெண்ணிடம்.

எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். இரண்டு பஸ் போனது. போன் அடித்தது.

"அண்ணே, ரிப்போர்ட் அடிக்குதுண்ணே!"

"யாராவது கை வச்சீங்களா?"

"கையா? டாக்டரம்மா மூச்சுகூட விடல."

இன்னும் இரண்டு முறை அணைத்து எழுப்பச் சொன்னார். இரண்டு முறையும் எழுந்தது. அதன் பிறகுதான் சாலையைக் கடந்தார்.

"போயிட்டு வாங்க. பொண்ண கேட்டதா சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். பதிவு மேசைப் பெண் எட்டிப் பார்த்து வாசித்தாள்: "மின்சாரம் வந்தால் பொத்தானை அழுத்தவும். நான்கு நிமிடம் சும்மா இருக்கவும்."

"இவ்ளோதானாண்ணே? இதுக்கா எட்டு வருஷம் ஓடி வந்தீங்க?"

"ஆமாம்மா" என்று தாளை அவள் கையில் கொடுத்தார்.