வரப்பில் நின்று எடுத்த படங்கள்

ஆள் படம் எடுப்பவனுக்குக் கண் கூர்மையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள்; தோல் தடிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் தொழிலுக்கு வந்த பிறகு அவரவரே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

நான் ஒரு நாளிதழில் படமெடுத்துத் தலை நரைத்தவன். உடைந்த கரை, காய்ந்த பயிர், மாலை வாங்கும் அமைச்சர் என்று எடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. உடைந்த கரை என்றைக்கும் "எங்கே, காட்டுங்க பார்ப்போம்" என்று கேமராவைப் பிடுங்கியதில்லை. அந்த வேலையை விட்டு, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ போட்டு, முகங்களை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் வெட்கம் என்பது எத்தனை வகைப்படும் என்று தெரிந்தது. என்னைப் போல ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும், கேமராவுக்கு முன்னால் நின்று நொந்தவர்களுக்கும் இதெல்லாம் புதிதாக இருக்காது. பட்டவர்கள் இன்னும் சிலர் உண்டு என்ற ஆறுதல் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கண்ணீர் அஞ்சலி முகம்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் இளைஞர், தாடியும் தானுமாக நல்ல களையாக இருந்தார். கிரியேட்டிவாக நாலு படம் வேண்டும் என்றார். அவருடைய வயல் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, சிரிக்காதீங்க, தூரமாகப் பாருங்க என்று சொல்லி, கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். முகத்தில் பாதி நிழல். ஒளியை நானே மெச்சிக்கொண்டேன்.

பெரிதாகப் பிரேம் போட்டு வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுத்தேன். அவருடைய அம்மா படத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "புள்ள ஊருக்குக் கெளம்புற நேரத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சுக் கொண்டாந்திருக்கீங்களே, கீழ பேர் போடலையா?"

ஆடு தின்ற கவுன்

இதில் கொலாப் என்று ஒன்று உண்டு. மாடல், மேக்கப் போடுபவர், படமெடுப்பவர் மூன்று பேரும் சேர்ந்து உழைப்பார்கள். யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டாம், படங்கள் மூவருக்கும் பொது. அதில் ஒரு வழக்கமும் உண்டு: மூன்று பேரும் சரி என்ற படம்தான் வெளியே போகும். இந்த வழக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கும்பகோணத்தில் மேக்கப் தொழில் செய்யும் ஷர்மிளா அப்படித்தான் பவித்ராவை அழைத்து வந்தார். நன்னிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். படித்துவிட்டு, திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கும்பகோணத்தில் ஒரு பட்டுக்கடையில் புது கேட்டலாக்குக்கு உள்ளூர்ப் பெண்களைத் தேடுகிறார்கள், அதற்கு நல்ல படங்கள் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் அவரைப் பட்டில் எடுக்காமல், வால் நீண்ட சிவப்புக் கவுன் ஒன்றைப் போட்டுக் கல்லணைக் கால்வாய்க் கரையில் நிறுத்தினேன். கலையாம்.

கவுனின் வாலை ஓர் ஆடு மெல்ல ஆரம்பித்தது. ஷர்மிளா கத்தினார். நான், "இருக்கட்டும், இயல்பா இருக்கு" என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். ஆட்டுக்காரப் பெண்மணி ஓடி வந்து துணியை ஆட்டின் வாயிலிருந்து இழுத்தார். நஷ்டம் கேட்கலாமா என்று ஷர்மிளா யோசிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்: "துணி கெடக்கட்டும்யா, நாளைக்கு எம் ஆட்டுக்கு வயிறு உப்புனா நீ வந்து வெளக்கெண்ண குடுப்பியா?"

யாருடைய படம்

கல்யாண ஆல்பம் செய்து செய்து என் கைக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டரில் முகம் வந்ததும் விரல் தானாகப் போய் நிறத்தை இரண்டு படி ஏற்றிவிடும். பெண் வீட்டார் கேட்பதற்கு முன்பே செய்துவிட்டால் பேச்சு மிச்சம்.

பவித்ராவின் படங்களையும் அப்படித்தான் வெளுத்து வைத்திருந்தேன். அவர் ஸ்டூடியோவுக்கு வந்து திரையில் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்தில் நின்றேன். கடைசிப் படம் முடிந்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இவங்க நல்லா இருக்காங்க சார். என் படம் எப்ப வரும்?"

பழகின கை

வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு மும்முரமாக இருந்த சமயம். இந்த முறை கட்டாயம் பட்டுப்புடவை என்று சொல்லியிருந்தேன். திருவிடைமருதூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் வயல். பச்சைப் பின்னணியில் பட்டு எடுப்பாக இருக்கும் என்பது திட்டம். போய் இறங்கினால், வயலில் வரிசையாகப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குள் இருந்த பத்திரிகைக்காரன் விழித்துக்கொண்டான். பட்டு பையிலேயே இருக்கட்டும், ஷர்மிளாவிடம் இருக்கும் பழைய நூல்புடவையைக் கட்டி இழுத்துச் சொருகிக்கொண்டு, கையில் ஒரு முடி, அதாவது ஒரு நாற்றுக் கட்டோடு இறங்குங்கள் என்றேன்.

"பட்டுன்னுதானே சொன்னீங்க?" என்றார் பவித்ரா. "பட்டு யார் வேணாலும் எடுப்பாங்கம்மா, இதுல ஓர் உண்மை இருக்கு" என்றேன். ஷர்மிளா என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல லென்ஸ் மாற்றினேன். பவித்ரா கொஞ்ச நேரம் வரப்பில் நின்றார். பிறகு இறங்கினார். நான் வரப்பிலேயே நின்றேன், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

சும்மா நின்றால் போதும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் சேற்றில் கால் வைத்ததும் அவருடைய கை தானாக நாற்று முடியைப் பிரித்தது. விரல்கள் நாலைந்து நாற்றாகக் கிள்ளி ஊன்ற, கால்கள் பின்னால் நகர்ந்தன. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "எந்த ஊரு பாப்பா? பழகின கையாட்டம் இருக்கே?" என்றார். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு நட்டது என்று பவித்ரா தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த முகத்தைத்தான் எடுத்தேன். அன்றைய படங்களில் அதுதான் நன்றாக வந்தது.

இப்போது என்ன வேலை என்று அந்தப் பெண் கேட்க, கரையிலிருந்து ஷர்மிளா பதில் சொன்னார். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லேபுல வேல பாக்குற புள்ளயா? மேல ஏத்தி விடுங்க சார், பெத்தவ பாத்தா வயிறெரிவா."

அன்றைய படம் அன்றைக்கே

நாளிதழில் இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. அன்றைய படம் அன்றைக்கே போயாக வேண்டும். பவித்ராவின் பஸ் குடவாசலைத் தாண்டியிருக்காது, அந்தக் குனிந்த முகத்தை இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. தலைப்பு வேறு கொடுத்தேன்: 'மண்ணின் மகள்.' தலைப்பு இல்லாமல் ஒரு படத்தை வெளியே விட எனக்குக் கை வராது.

படம் பிய்த்துக்கொண்டு போனது. தெரியாதவர்களெல்லாம் கைகூப்பிக் கும்பிடும் பொம்மை போட்டார்கள். அதற்கு நடுவே பவித்ராவிடமிருந்து ஒரு வரி வந்தது: "சார், அத எடுத்துடுங்க ப்ளீஸ்." நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "நல்லாப் போகுதும்மா, ரெண்டு நாள் இருக்கட்டும்." ஆடு கவுனைத் தின்றபோது சொன்னதும் இதே 'இருக்கட்டும்'தான்.

மறுநாள் பட்டுக்கடை மேனேஜர் கூப்பிட்டார். நல்ல செய்தி என்று நினைத்து எழுந்து நின்று பேசினேன். படத்தைப் பார்த்தாராம், அசந்துவிட்டாராம். "ஆனா பட்டுக்கு அந்த முகம் சரிவராதுங்க. நம்ம சிநேகிதர் ஒருத்தர் உர விளம்பரத்துக்கு நடவு ஆள் மாதிரி பொண்ணு தேடுறாரு, நம்பர் குடுக்கட்டுமா?"

மல்லிகா வந்தார்

இன்ஸ்டாகிராமிலிருந்து படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் அது ஊர் சுற்றப் போயிருந்தது. ஷர்மிளா போனில் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சுருக்கமாகச் சொன்னால், இனிமேல் நான் ஆட்டை மட்டும் படமெடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். லேபில் கூட வேலை பார்ப்பவர்கள் பவித்ராவை 'மண்ணின் மகளே, ரத்த மாதிரி எடுத்தாச்சா?' என்று கூப்பிடுகிறார்களாம். அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாராம். பட்டுக்கடை வாய்ப்பும் போயிற்று.

அந்த வாரமே ஸ்டூடியோவுக்கு ஓர் அம்மாள் வந்தார். நீலப் புடவை, கையில் மஞ்சள் பை. பவித்ராவோட அம்மா, மல்லிகா என்றார். சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன். அவர் சண்டை போடவில்லை. சுவரைப் பார்த்தார். நெட்டிலிருந்து நீக்கினாலும் அந்த நடவுப் படத்தை விட எனக்கு மனம் வந்திருக்கவில்லை; பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரின் நடுவில் மாட்டியிருந்தேன்.

கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "நல்லாத்தான் எடுத்திருக்கீங்க" என்றார். நான் உட்காரச் சொன்னேன், டீ சொல்லட்டுமா என்றேன். அவர் உட்காரவில்லை. "எங்க மாமியா நட்டாங்க, நான் நட்டேன். காலு வெடிச்சுக் கெடந்தப்ப ஒரு ஆளும் போட்டோ புடிக்க வரல சார். எம் பொண்ணு கரையேறி நின்னதுக்கப்புறம், எறக்கிவிட்டுப் புடிச்சிருக்கீங்க."

இறங்குங்க சார்

அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு நன்னிலம் போனேன். ஷர்மிளாவும் வந்தார், எனக்குத் துணையாக இல்லை, நான் வேறு ஏதாவது உளறாமல் பார்த்துக்கொள்ள. மன்னிப்புக் கேட்டேன். பவித்ரா படத்தை வாங்கி அலமாரிக்குப் பின்னால் சொருகினார். மறுபடி பட்டில் எடுத்துத் தருகிறேன், ஸ்டூடியோவில் நல்ல நாற்காலி போட்டு எடுக்கலாம் என்றேன்.

"நாற்காலி வேணாம். அதே வயல்ல எடுங்க" என்றார். எனக்குப் புரியவில்லை.

போனோம். நட்ட வயல் பச்சை கட்டியிருந்தது. அதற்குக் கீழ் வயல் உழுது பரம்படித்து, தண்ணீர் நின்று, மறுநாள் நடவுக்காகக் காத்திருந்தது. பக்கத்து நாற்றங்காலில் அதே பெண்கள் நாற்று பறித்துக்கொண்டிருந்தார்கள். பவித்ரா அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்து வரப்பில் நின்றார். "நான் இங்க நிக்கிறேன். கீழருந்து எடுத்தா தண்ணியில பட்டு தெரியும்ல? இறங்குங்க சார்."

தெரியும்தான். கோணம் அதுதான். ஷூவைக் கழற்றி, பேன்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே சேறு முழங்காலைப் பிடித்தது. இரண்டாவது அடிக்குக் காலைத் தூக்கினால் கால் வரவில்லை. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொக்குபோல நின்றேன். நாற்றங்காலில் வேலை நின்றுவிட்டது. பவித்ரா மேலிருந்து நேராக லென்ஸைப் பார்த்தார். முதல்முறையாக, என்னிடம் எப்படி நிற்பது என்று கேட்காமல் நின்றார். சொந்த நிறத்தில், பின்னால் வானத்தோடு.

எடுத்து முடித்து நான் ஏறத் தவித்தபோது, முன்பு என்னை ஏற இறங்கப் பார்த்த அம்மாள் அங்கிருந்தே கத்தினார்: "பாப்பா, வந்தது வந்தாரு, ஒரு முடி நட்டுட்டு ஏறச் சொல்லு!" வரப்பில் முந்தானையைச் சரிசெய்துகொண்டே பவித்ரா சொன்னார்: "வேணாங்க்கா. இவரு நட்டா, நாளைக்கு நீங்கதான் புடுங்கி நடணும்."

காட்டன்

அந்தப் படத்தை மூவரும் பார்த்து, மூவரும் சரி என்ற பிறகு, நானே பட்டுக்கடைக்குக் கொண்டுபோனேன். சேற்றுக் காலோடு மாட்டிய ஷூவின் ஓரத்தில் காய்ந்த சேறு இன்னும் இருந்தது. மேனேஜர் நெடுநேரம் பார்த்தார். "அதே பொண்ணா?" என்றார். அதே பெண்தான், நான்தான் தப்பாக எடுத்திருந்தேன் என்றேன். பட்டுக்கு ஆள் போட்டாயிற்று, வேண்டுமானால் காட்டன் புடவைப் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார். இதற்குமேல் அவரிடம் வாதாட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

வெளியே வந்து பவித்ராவுக்குப் போன் போட்டேன். அவர் மறுபடி லேபுக்குப் போக ஆரம்பித்திருந்தார்; பின்னால் கண்ணாடிக் குழாய்களின் சத்தம் கேட்டது. பட்டு கிடைக்கவில்லை, காட்டன்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். பிறகு சிரிப்பு கேட்டது. "காட்டனா இருந்தா என்ன சார், எடுக்குற எடத்துல தரை காஞ்சுதானே இருக்கும்?"

ஒளி, கோணம், நேரம் எல்லாம் கற்றுக்கொண்டு இத்தனை வருடம் ஆள் படம் எடுத்த எனக்கு, படமெடுப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்ற பாடம் மட்டும் முழங்கால் அளவுக்குத்தான் ஏறியிருக்கிறது.