லேசர் அறைக்கு ஒரே வாசல்

என் மனைவிக்கு ஈறு வீங்கி, கீழ்ப்பல் இரண்டு பாதி மறைந்துபோயிருந்தது. ஆறு மாதம் ஒரு பக்கமாகவே மென்று ஓட்டினாள். கத்தி வைத்து வெட்டணும் என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து பல் பேச்சையே எடுக்கவிடவில்லை. அப்போதுதான் விருதுநகரில் லேசர் மெஷின் வந்திருப்பதாக நோட்டீஸ் கிடைத்தது. கத்தியில்லை, தையலில்லை, வலியில்லை. அதில் சிரித்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஈறே இல்லை போல, அத்தனை பல். அச்சடித்தது எங்கள் சிவகாசியில்தான். ஏதாவது காலண்டருக்கு எடுத்த படமாக இருக்கும்.

"நீங்க பக்கத்துலயே நின்னாத்தான் வருவேன்" என்றாள். நின்றுவிட்டால் போயிற்று என்றேன்.

இருவருக்கும் ஒரே பட்டாசு கம்பெனி. நான் மருந்து கலக்கும் ரூமுக்கு ஃபோர்மேன். அவள் அடுத்த ரூமில் திரி வைக்கிறவள். இருபது வருஷமாகக் காலையில் ஆட்களை நிறுத்தி நான் சொல்வது ஒரே பாடம்தான். புகை வாடை மூக்கில் ஏறினால் என்ன ஏது என்று பார்க்காதே, செருப்பைத் தேடாதே, யாருக்காகவும் நிற்காதே, வாசலைப் பார்த்து ஓடு. சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். ஒருத்தரும் காதில் வாங்கியதாகத் தெரியாது.

டாக்டர் இளவயசுக்காரர், தங்கமான மனுஷன். ஆனால் அவருடைய அறை எனக்கு நுழைந்ததுமே பிடிக்கவில்லை. ஒரே வாசல். அதையும் ஏசிக்காக இறுக்கிச் சாத்தினார். எங்கள் ரூம்களில் நாலு பக்கமும் வாசல் உண்டு; இப்படி ஒரு அறையைக் கட்டினால் லைசென்ஸே கிடைக்காது. படித்தவர், போகட்டும் என்று விட்டேன். எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். ஈறை மரக்கவைத்து, பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டார் டாக்டர். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சத்தமே இல்லை. மெல்லிசாக ஒரு புகை. கூடவே கருகல் வாடை.

அதற்குப் பிறகு நடந்தது நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கையை உதறினேனாம். ஸ்டூலைத் தள்ளிவிட்டேனாம். எனக்குச் சுயநினைவு வந்தபோது மெயின் ரோட்டில், பச்சைக் கண்ணாடியும் வெறுங்காலுமாக, ஒரு கொய்யாப்பழ வண்டிக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பழக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடமிருந்தா என்று மட்டும் கேட்டார். இருபது வருஷத்தில் என் பாடத்தை ஒருவன் பிசகாமல் கடைப்பிடித்தான் என்றால் அது நான்தான்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். வேலை முடிந்திருந்தது. சதை சுடும்போது அப்படித்தான் வாடை வரும், முன்கூட்டியே சொல்லாதது தன் தப்புதான் என்றார் டாக்டர். அவர் மன்னிப்புக் கேட்டது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது. நோட்டீஸில் போட்டிருந்தது பொய்யில்லை, அவளுக்கு வலியே தெரியவில்லையாம்.

பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். மரப்பு விட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"கம்பெனியிலயும் இப்பிடித்தான் ஓடுவீகளா?"

ஓடத்தானே வேண்டும், அதுதானே விதி என்று ஃபோர்மேனாகவே சொல்லிவைத்தேன்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா மொத உங்க ரூமுக்கு ஓடியாரணும்னு, இம்புட்டு வருசமா அந்தப் பக்கத்து வாசல்லயே உக்காந்திருக்கேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். பாவி, இத்தனை வருஷத்தில் அவள் எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பாடத்தை வழக்கம்போல் சொன்னேன். பிறகு சுற்றிப் பார்க்கப் போனபோது, அவள் எதிர்ப்பக்க வாசலுக்கு இடம் மாறியிருந்தாள். என் மருந்து ரூமுக்குத் தூரத்தில் இருக்கிற வாசல். பத்திரமான இடம் அதுதான். ஃபோர்மேன் என்ற முறையில் நான் அவளைப் பாராட்டியிருக்க வேண்டும்.