சாச்சியின் புழுப் போத்தல்கள்

மாத்தளை மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனால் பல்லேபொலவுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில், மிளகு மூட்டைகளுக்கு மேலிருந்த பலகையில், இருபத்து மூன்று போத்தல் கடற்புழு இருந்தது. உம்மாவின் தங்கையான என் சாச்சி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். புத்தளத்தில் கடலோடு சேர்ந்து கிடக்கும் உப்புநீர்க் களப்பின் அடிச்சேற்றில் எந்தப் புழு எந்த இடத்தில் வாழ்கிறது என்று கண்டுபிடித்து எழுதுவது அவருடைய வேலை. வேறு பெண்கள் கல்யாணத்துக்கு முன் தையல் படிப்பார்கள், இவள் புழுவுக்கு மயிர் எண்ணுகிறாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். யட்டவத்தையில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் படிப்பு முடிவதற்காக அந்த வருடக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் ஒரு நாளும் பொறுக்கமாட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சாச்சி மயிர் எண்ணியது உண்மைதான். நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்க விடுவார். வெறும் கண்ணுக்கு நூல் துண்டு மாதிரித் தெரிவது, அதற்குள் பார்த்தால் வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் மயிர்க்கற்றை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மயிரின் வடிவத்தை வைத்துத்தான் எந்தக் குடும்பம் என்று பிரிப்பாராம்.

“இதுக்குத் தாடை இருக்கு பாரு மகள், இது மத்ததைப் புடிச்சுத் தின்னும். இதுக்கு இல்ல, சேத்தைத் தின்னுட்டுக் கெடக்கும்” என்பார்.

போத்தலுக்குள்ளேயே பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு மிதக்கும். களப்பு வாயிலில் எடுத்ததா, கண்டல் மரத்தடியில் எடுத்ததா என்று அதில் இருக்கும். சீட்டு மாறினால் அந்தப் புழு எதற்கும் உதவாது என்று பலமுறை எச்சரித்திருந்தார். ஒரே பருவத்தில் எடுத்த புழுக்கள் அவை. போனால் அடுத்த வருடம் அதே பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவை மிதந்த ஸ்பிரிட்டைப் பற்றி ஒருநாள், “இதுவும் சாராயம் மாதிரித்தான், குடிக்க மட்டும் ஏலாது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டில் படிக்கும்போது வாப்பாவுக்கு டெங்கு வந்தது. கண்டியில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். உம்மா அங்கேயே தங்கிவிட, சாச்சி புழுக்களை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் சமைத்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். பின்னேரம் வந்து நிற்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். இரத்தத்தில் ஏதோ ஒன்றின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். எது என்று எனக்குத் தெரியாது. இறங்குகிறது என்ற சொல் போதுமாயிருந்தது. சோறு உள்ளே போகவில்லை.

குர்ஆன் ஓதப் போகும் பள்ளியில் ஓதிக்கொடுக்கும் ஹஸரத் எங்கள் எல்லோரையும் கையேந்த வைத்து வாப்பாவுக்காகத் துஆக் கேட்டார். அதே வாரம்தான் மது குடிப்பதைப் பற்றியும் பாடம் வந்தது. குடித்தவனுடைய தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்றுக்கொள்ளப்படாது என்றார். வீட்டில் போத்தலில் வைத்திருப்பவர்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வைத்திருந்தாலும் அப்படித்தான் என்று நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு போத்தலா, இருபத்து மூன்று! எங்கள் துஆ எதுவும் கூரையைத் தாண்டியிருக்காது என்று நினைத்தேன். ஹஸரத்திடமே கேட்டிருக்கலாம். கேட்டால் எங்கள் வீட்டில் சாராயம் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடுமே.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், சாச்சி கண்டியிலிருந்து திரும்புவதற்குள் வீட்டுக்கு ஓடி வந்தேன். பிஸ்மி சொல்லி முதல் போத்தலைத் திறந்து, ஸ்பிரிட்டைச் சாதிக்காய் மரத்தடியில் ஊற்றினேன். புழுக்களை உம்மாவின் தேயிலை வடியில் ஏந்தி, அசுத்தத்தைக் கழுவுவதுபோல் மூன்று தரம் கழுவினேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நிரப்பினேன். சீட்டு மாறிவிடக் கூடாது என்று ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறந்தேன். கேட் பக்கம் ஒரு நாய் குரைத்தாலும் உயிர் போய் வந்தது. ஒரு சீட்டுக்கூட மாறவில்லை. அதில் எனக்குப் பெருமை.

இரண்டாம் நாள், இறங்கியது ஏறத் தொடங்கிவிட்டது என்று உம்மா அழுதுகொண்டே போன் எடுத்துச் சொன்னார். எனக்கு ஆச்சரியமே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வாப்பா மெலிந்து, மஞ்சளாக, வான் வண்டியிலிருந்து இறங்கி நடந்தே உள்ளே வந்தார்.

அதற்கு மறுநாள் காலை சாச்சி பின்னறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முதல் மூடியைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. தண்ணீர் கலங்கிக் கிடந்தது. புழு இருந்த இடத்தில் சளி மாதிரி ஏதோ இருந்தது. இரண்டாவதைத் திறந்தார். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்.

“இந்தத் தண்ணி யாரு ஊத்தினது?”

“நான்தான் சாச்சி. வீட்டுல ஸ்பிரிட் இருந்தா துஆ கபூலாகாது, அல்லாஹ் ஏத்துக்கொள்ள மாட்டான். நான் ஊத்தின பொறகுதான் வாப்பாக்குச் சுகமாச்சு.”

சாச்சி மிளகு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று காத்திருந்தேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப வாப்பா வராமப் போயிருந்தா, அது என்னாலயா மகள்?”

“ஓம் சாச்சி” என்றேன்.

பாடத்தில் கேள்வி கேட்டால் சொல்வதுபோலச் சட்டென்று சொன்னேன். அந்த ஒரு வாரம் முழுக்க எனக்குச் சோறு ஊட்டியவரிடம், வாப்பாவுக்குச் சோறு சுமந்தவரிடம் சொன்னேன். இன்று நினைத்தால் கூசுகிறது.

நாற்றத்துக்கு உம்மா வந்து எட்டிப் பார்த்தார். “என்னடி இது?”

“ஸ்பிரிட் மாத்த மறந்துட்டேன் ராத்தா. எல்லாம் அழுகிப் போச்சு” என்றார் சாச்சி.

“இவ்வளவு படிச்சும் இதுகூடவா தெரியாது? யட்டவத்தைக்காரங்களுக்கு இப்ப என்னத்தச் சொல்ற?” என்று உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். சாச்சி தலையைக் குனிந்தபடி போத்தல்களை ஒவ்வொன்றாக மூடினார். அந்த வருடம் படிப்பும் முடியவில்லை, கல்யாணமும் நடக்கவில்லை.

நான் கதவோரம் நின்று விம்மி விம்மி அழுதேன். செய்த தவறை நினைத்து அழுகிறேன் என்று உம்மா எண்ணவும் வழியில்லை. அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே. வாப்பாவைக் காப்பாற்றியது நான் என்பதை இந்தச் சாச்சி பொய் சொல்லி மறைத்துவிட்டாரே என்ற ஆத்திரத்தில்தான் அழுதேன்.